பிடிபட்ட கஞ்சாவின் வீரியத்தை அளப்பது எப்படி

பாங்காக்கிலிருந்து வந்த பயணியிடம் "உயர்ரக ஹைட்ரோபோனிக் கஞ்சா" (மண்ணின்றி ஊட்டநீரில் வளர்த்தது) சிக்கியது என்று சென்னை விமான நிலையச் செய்திகள் அண்மைக் காலத்தில் அடிக்கடி வருகின்றன. எடை சொல்லப்படும், பன்னாட்டுச் சந்தை மதிப்பென்று ஒரு பெருந்தொகையும் சொல்லப்படும். ஆனால் எந்த வகையில் அது உயர்ரகம் என்பதற்கு ஓர் எண் இருக்காது. அந்த எண்ணை ஆய்வகத்தில் எப்படிப் பெறுவது, பெற்ற எண்ணை எந்த அளவுக்கு நம்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள். தடய அறிவியல் ஆய்வகத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களையும், போதைப்பொருள் பகுப்பாய்வு பயிலும் மாணவர்களையும், ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய வழக்கறிஞர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. பரிசோதனைக்காக என்றாலும் உரிமம் இல்லாதவர் இப்பொருளை வைத்திருப்பது குற்றம் என்பதால், இங்கே சொல்லப்படும் செய்முறை அனுமதி பெற்ற ஆய்வகத்துக்கு மட்டுமே உரியது.

வீரியம் என்றவுடன் விலை உயர்ந்த கருவியைத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கருவியின் வேலை கடைசியில் வருவது. இருப்பவற்றில் எளியதும் அதுவே. மூட்டையிலிருந்து எதை எடுத்தோம், அதை எப்படி உலர்த்தி அரைத்தோம், முடிவை எந்த அடிப்படையில் எழுதினோம் என்பவையே எண்ணைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எனவே இக்கட்டுரை கருவிக்கு முந்தைய வேலைகளில்தான் அதிக நேரம் நிற்கும்.

அளக்கப்படுவது எது

கஞ்சாவின் போதைக்கு முதன்மைக் காரணம் டெல்டா-9-டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி. இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்து 1964-இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த யெஹியேல் கவோனியும் ரஃபேல் மெசூலமும் ஆவர். ஆனால் செடியில் டி.எச்.சி. மிகக் குறைவாகவே இருக்கிறது. செடி உருவாக்குவது டி.எச்.சி. அமிலத்தை; அது தனியே போதை தருவதில்லை. புகைக்கும்போதோ சமைக்கும்போதோ படும் வெப்பத்தால் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து டி.எச்.சி.யாக மாறுகிறது. ஆகவே பச்சைப் பொருளில் இருக்கும் டி.எச்.சி.யை மட்டும் அளந்து "ஒரு சதவீதம்தான்" என்று எழுதினால், அது வேதியியல்படி சரியாகவும் நடைமுறையில் முழுத் தவறாகவும் இருக்கும்.

இதனால்தான் மொத்த டி.எச்.சி. என்ற கணக்கு வந்தது. டி.எச்.சி. அமிலத்தின் மூலக்கூறு நிறை 358.5, டி.எச்.சி.யின் மூலக்கூறு நிறை 314.5. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.877 கிடைக்கும். அமிலத்தின் அளவை 0.877-ஆல் பெருக்கி, ஏற்கெனவே விடுபட்ட நிலையில் இருக்கும் டி.எச்.சி.யோடு கூட்டினால் மொத்த டி.எச்.சி. வரும். இது மாற்றம் நூற்றுக்கு நூறு நடந்தால் கிடைக்கக்கூடிய உச்ச அளவு என்பதை மறக்கலாகாது. புகைப்பவரின் நுரையீரலுக்கு இவ்வளவும் போய்ச் சேர்வதில்லை.

இதனுடன் இன்னும் இரண்டு சேர்மங்களையும் அளக்க வேண்டும். ஒன்று கன்னாபிடையால், அதாவது சி.பி.டி.; செடி நார்வகையா போதைவகையா என்பதைக் காட்டுவது டி.எச்.சி.க்கும் சி.பி.டி.க்கும் உள்ள விகிதமே. மற்றொன்று கன்னாபினால், அதாவது சி.பி.என்.; காற்றும் ஒளியும் பட்டு டி.எச்.சி. சிதையும்போது உருவாவது இது. சி.பி.என். அளவைக் குறிப்பிடாத வீரிய அறிக்கை, பொருளின் வயதைப் பற்றி எதுவும் சொல்லாத அறிக்கை.

எதற்காக அளக்கிறோம்

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தராசைத் தொடக் கூடாது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் கஞ்சாவை எடையால்தான் பார்க்கிறது. கஞ்சாவுக்குச் சிறு அளவு 1 கிலோ, வணிக அளவு 20 கிலோ. சரஸ் எனப்படும் பிசினுக்கு முறையே 100 கிராமும் 1 கிலோவும். கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்று சட்டம் வரையறுக்கிறது. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. கலப்புப் பொருளில் தூய போதைப்பொருளின் அளவை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ஈ. மைக்கேல் ராஜ் வழக்கில் கூறியது. அதன் பின் 2009-இல் மத்திய அரசு முழுக் கலவையின் எடையையும் கணக்கில் கொள்ளும்படி அறிவிக்கை வெளியிட்டது; 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முழு எடையே கணக்கு என்று முடிவு செய்தது. ஆகவே இந்திய வழக்கொன்றில் இது கஞ்சாவா என்ற கேள்விக்கு விடை சொன்னால் ஆய்வகத்தின் கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்பதில்லை.

ஜெர்மனியில் நிலைமை நேர்மாறானது. அங்கே கடும் தண்டனைக்குரிய "குறைவல்லாத அளவு" என்பது 7.5 கிராம் டி.எச்.சி. என்று அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1984-இல் வகுத்தது. 2024-இல் கஞ்சா சட்டம் தளர்த்தப்பட்ட பின்னும் அந்த எண்ணை அது மாற்றவில்லை. 100 கிராம் பொருள் 5 சதவீத வீரியமுடையதென்றால் அதில் 5 கிராம் டி.எச்.சி.தான் உண்டு, குற்றம் ஒரு வகை. அதே 100 கிராம் 15 சதவீதமென்றால் 15 கிராம், குற்றம் வேறு வகை. சுவிட்சர்லாந்தில் மொத்த டி.எச்.சி. 1 சதவீதத்தைத் தொட்டால் அது போதைப்பொருள். அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் உலர் எடையில் 0.3 சதவீதத்தைத் தாண்டாத செடியைச் சணல்வகை என்று தனியே பிரித்தது. எல்லைக்கோடு இப்படிக் குறுகலாக இருக்கும் இடத்தில் அளவீட்டின் ஐயப்பாடே, அதாவது முடிவு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்பே, வழக்கின் மையமாகிவிடும். சந்தையில் உலவும் பொருளின் போக்கைக் கண்காணிப்பதே நோக்கம் என்றால், ஒரு மாதிரியின் துல்லியத்தைவிட எத்தனை மாதிரிகள் எங்கிருந்து வந்தன என்பதே முக்கியம்.

மாதிரி எடுத்தல்

கஞ்சாவின் வீரியம் செடி முழுவதும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் ஆய்வகக் கையேடு தரும் வழக்கமான அளவுகளின்படி, பெண் பூக்களில் 10 முதல் 12 சதவீதமும், இலைகளில் 1 முதல் 2 சதவீதமும், தண்டில் 0.1 முதல் 0.3 சதவீதமும், வேரில் 0.03 சதவீதத்துக்கும் குறைவாகவும் டி.எச்.சி. (அமிலத்தையும் சேர்த்து) இருக்கிறது. பூவைச் சுற்றியுள்ள சிற்றிலைகளில் அடர்ந்திருக்கும் சுரப்பித் தூவிகளின் தலையில்தான் பிசின் சேர்கிறது. உலர்ந்த பொருளில் இந்தத் தலைகள் லேசாகத் தொட்டாலே உதிரும். மூட்டையை நாலு முறை தூக்கி வைத்தால் வீரியத்தில் ஒரு பங்கு அடியில் தூளாகத் தங்கிவிடும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நிலைமின்னால் உறையின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே கிடக்கும் நல்ல மொட்டு ஒன்றைக் கிள்ளி எடுப்பவர் ஓர் எண்ணைப் பெறுவார், அடியில் கிடக்கும் தூளை வழிப்பவர் வேறோர் எண்ணைப் பெறுவார். இரண்டும் அந்த மூட்டையின் எண் அல்ல.

பல பொட்டலங்கள் இருந்தால், முதலில் தோற்றம், நிறம், கட்டிய விதம் ஆகியவற்றைப் பார்த்து ஒத்தவற்றைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். அதன் பின் குழுவுக்குள் எத்தனை பொட்டலங்களைத் திறப்பது என்ற கேள்வி வரும். பழைய பன்னாட்டு வழக்கம் எளியது: பத்துக்குக் குறைவென்றால் அனைத்தையும், பத்து முதல் நூறு வரை என்றால் பத்தை, நூறுக்கு மேல் என்றால் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைத் திறப்பது. ஐக்கிய நாடுகள் அலுவலகமும் ஐரோப்பியத் தடய அறிவியல் நிறுவனங்களின் கூட்டமைப்பும் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி, இதற்கு மாறாக நிகழ்தகவுக் கணக்கைப் பரிந்துரைக்கிறது. நீதிமன்றத்தில் "ஏன் இத்தனை?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தால் இரண்டாவது முறையே பாதுகாப்பானது. வர்க்கமூல விதி கைக்கு எளிது என்பதைத் தவிர அதற்குப் புள்ளியியல் அடிப்படை கிடையாது.

இந்திய நடைமுறையில் 1989-ஆம் ஆண்டின் நிலையாணையும், அதன் இடத்துக்கு வந்த 2022-ஆம் ஆண்டின் விதிகளும் ஒத்த பொட்டலங்களைப் பத்துப் பத்தாகவும், கஞ்சாவும் ஹஷிஷும் (சரஸ்) என்றால் நாற்பது நாற்பதாகவும் தொகுக்க இடம் தருகின்றன. கஞ்சா, சரஸ், அபின் ஆகியவற்றுக்கு 24 கிராம் மாதிரி, இரட்டைப் படியாக எடுக்கப்பட வேண்டும். 2022 விதிகளின்படி இது குற்றவியல் நடுவர் முன்னிலையில் நடக்க வேண்டும். பொருள் இன்னது என்று அடையாளம் காண இந்த ஏற்பாடு போதுமானது. ஆனால் நாற்பது பொட்டலங்களைக் கலந்து எடுத்த 24 கிராமிலிருந்து வீரியத்தை அளந்தால் கிடைப்பது சராசரி மட்டுமே. அவற்றுள் ஐந்து பொட்டலங்கள் மூன்று மடங்கு வீரியமாக இருந்தாலும் அந்தச் சராசரி அதைக் காட்டாது. வீரிய ஆய்வுக்கென்றால் திறந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே அளப்பதுதான் சரி.

அழுத்திக் கட்டிய கஞ்சாக் கட்டிகளில் வெளிப்புறம் காற்றுபட்டுப் பழசாகியும் நடுப்பகுதி புதியதாகவும் இருக்கும். மேலிருந்து சுரண்டாமல், குறுக்கே வெட்டியோ துளையிட்டோ வெளியும் உள்ளும் சேர்ந்து வரும்படி எடுக்க வேண்டும். மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடி, இருட்டிலும் குளிரிலும் வைக்க வேண்டும். ஈரமான செடியைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் இரண்டொரு நாளில் பூசணம் பிடிக்கும். அதற்குக் காகித உறையே ஏற்றது.

உலர்த்தி அரைத்தல்

பச்சைச் செடியின் எடையில் முக்கால் பங்கு நீர். ஆகையால் ஈரப்பதம் சொல்லாத சதவீதம் பொருளற்றது. வழக்கமான முறையில், 70 டிகிரி செல்சியசைத் தாண்டாத வெப்பத்தில் உலர்த்தி, ஈரப்பதம் 8 முதல் 13 சதவீதத்துக்குள் வரும்வரை கொண்டுவர வேண்டும். மாற்றாக, ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து முழுவதும் உலர்த்தி ஈரப்பதத்தைக் கண்டறிந்து, மற்றப் பங்கை இருந்தபடியே பகுப்பாய்வு செய்து, கணக்கில் ஈடுகட்டலாம். இரண்டில் எதைச் செய்தாலும் அதை அறிக்கையில் எழுத வேண்டும்.

உலர்ந்த பின் தடித்த தண்டுகளையும், 2 மில்லிமீட்டரைவிடப் பெரிய விதைகளையும் நீக்கி, எஞ்சியதை அரைத்து 1 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். விதைகளை நீக்குவதா வேண்டாமா என்பதில் ஆய்வகங்கள் வேறுபடுகின்றன. விதையில் டி.எச்.சி. ஏறக்குறைய இல்லை, ஆகவே விதை நிறைந்த நாட்டுக் கஞ்சாவில் அவற்றை நீக்கினால் சதவீதம் கணிசமாக உயரும், விதையே இல்லாத உள்ளரங்கப் பயிரில் எந்த மாற்றமும் வராது. இரு வகைப் பொருள்களை ஒப்பிடுபவர் இதைக் கவனிக்கத் தவறினால் ஒப்பீடே பிழையாகிவிடும். நீக்கிய தண்டையும் விதையையும் எறியாமல் எடைபோட்டுக் குறித்து வைத்தால், பிற்பாடு எந்த அடிப்படையிலும் கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

சல்லடையில் போகாத மிச்சத்தை ஒதுக்கிவிடக் கூடாது. அதை மீண்டும் அரைத்து முழுவதும் சலிக்கும்படி செய்ய வேண்டும், இல்லையேல் பிசின் நிறைந்த நுண்தூள் மட்டும் கீழே சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். பிசின் மிகுந்த மொட்டுகள் அரைவையின் சூட்டில் இளகி அலகில் ஒட்டும். திரவ நைட்ரஜன் ஊற்றி உறையவைத்து அரைத்தால் அவை மண்போல் உதிரும். ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் அரைவையைக் கரைப்பானால் கழுவி, அந்தக் கழுவு நீரையே ஒரு வெற்று மாதிரியாகக் கருவியில் ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். முந்தைய வழக்கின் கஞ்சா அடுத்த வழக்கின் எண்ணில் கலப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சாறு எடுத்தல்

அரைத்த தூளிலிருந்து 200 மில்லிகிராமைத் துல்லியமாக நிறுத்து, 20 மில்லிலிட்டர் கரைப்பானில் இட்டு, மீயொலித் தொட்டியில் கால்மணி நேரம் வைத்தால் பெரும்பாலான கன்னாபினாய்டுகள் (டி.எச்.சி., சி.பி.டி. போன்ற சேர்மங்கள்) கரைந்து வந்துவிடும். எத்தனால், மெத்தனால், அல்லது ஒன்பது பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு குளோரோஃபார்மும் சேர்ந்த கலவை ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. தொட்டியின் நீர் சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரைப்பானோடு, செடியில் இயல்பாக இல்லாத ஒரு சேர்மத்தைத் தெரிந்த அளவில் கலந்துவிட்டால், பின்னர் கரைப்பான் ஆவியானாலோ ஊசி சற்றுக் குறைவாக உறிஞ்சினாலோ அந்தப் பிழை தானே ஈடாகிவிடும். கலவையின் சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் வாயு வண்ணப்பிரிகைக்கு ட்ரைபென்சைலமினும் ஸ்குவாலேனும் இதற்கு வழக்கமாகப் பயன்படுகின்றன. மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானி இருந்தால், டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய டி.எச்.சி. சிறந்தது.

சாறு முழுவதும் வந்ததா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அதே தூளைப் புதிய கரைப்பானில் இரண்டாம் முறை ஊறவைத்து அதையும் ஓட்டிப் பார்க்கலாம். அதில் குறிப்பிடத்தக்க அளவு டி.எச்.சி. தென்பட்டால் முதல் முறை போதவில்லை என்று பொருள். வீரியம் மிகுந்த பொருள்களில் இது நேர்வதுண்டு.

கருவி

வாயு வண்ணப்பிரிகையா, சேர்மங்களைத் திரவத்தில் பிரிக்கும் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகையா என்பதுதான் இங்கே கேள்வி. வாயுக் கருவியின் உட்செலுத்தும் பகுதி 250 டிகிரிக்கும் மேலான சூட்டில் இருப்பதால், டி.எச்.சி. அமிலம் அங்கேயே டி.எச்.சி.யாக மாறிவிடுகிறது. ஆகவே கருவி நேரடியாக மொத்த டி.எச்.சி.யைத் தருகிறது என்று சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மை. மாற்றம் முழுமையாக நடப்பதில்லை; எவ்வளவு நடக்கிறது என்பது உட்செலுத்தும் பகுதியின் வெப்பநிலை, அதிலுள்ள கண்ணாடிக் குழாயின் தூய்மை, வடிவம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஒரே கருவி திங்கட்கிழமை ஒரு விடையும், குழாய் அழுக்கேறிய வெள்ளிக்கிழமை வேறு விடையும் தரக்கூடும். வாயுக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், தூய டி.எச்.சி. அமிலத்தை ஓட்டி மாற்றத்தின் அளவைத் தவறாமல் சோதிக்க வேண்டும். அல்லது சிலைலேற்றம் செய்து (சிலிக்கான் கொண்ட தொகுதியை மூலக்கூறில் இணைத்து) அமிலத்தை வெப்பத்திலிருந்து காத்து இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

திரவ வண்ணப்பிரிகையில் வெப்பம் இல்லை. சி18 நிரல் (சேர்மங்களைப் பிரிக்கும் குழாய்), சிறிது ஃபார்மிக் அமிலம் சேர்த்த நீரும் அசிட்டோநைட்ரைலும், புற ஊதா உணர்வி ஆகியவை இருந்தால் அமிலமும் டி.எச்.சி.யும் வரைபடத்தில் தனித்தனிச் சிகரங்களாக விழும். இன்று புதிதாக ஓர் ஆய்வகம் தொடங்குபவர் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் டி.எச்.சி.யின் டெல்டா-8 வடிவமும் (அமைப்பில் சற்றே வேறுபட்ட உறவுச் சேர்மம்) டெல்டா-9 வடிவமும் நிரலில் அருகருகே வெளிவரும். சி.பி.டி.யை அமிலத்தால் மாற்றித் தயாரித்த டெல்டா-8 பொருள்கள் பரவியிருக்கும் இக்காலத்தில், இவ்விரண்டும் பிரிகின்றனவா என்பதைச் சோதிக்காத முறை தவறாக டெல்டா-9 என்று அறிவித்துவிடும்.

இரு கருவிகளுக்கும் பொதுவானது அளவுத்திருத்தக் கோடு. சான்றளிக்கப்பட்ட திட்டக் கரைசல் பொதுவாக மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அடர்த்தியில் மூடிய குப்பியில் வருகிறது. அதிலிருந்து குறைந்தது ஐந்து அடர்த்திகளைத் தயாரித்து ஓட்டி, மாதிரியின் சிகரம் அந்த ஐந்துக்குள் விழும்படி மாதிரியை நீர்க்க வேண்டும். திறந்த குப்பியைப் பாதுகாத்து மீண்டும் பயன்படுத்துவது செலவைக் குறைக்கும், பிழையைக் கூட்டும். மெத்தனால் ஆவியாகித் திட்டக் கரைசல் அதன் சீட்டில் உள்ளதைவிடச் செறிவானால், மாதிரிகள் எல்லாம் உண்மையைவிடக் குறைந்த வீரியத்தைக் காட்டும்.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 200 மில்லிகிராம் தூள், 20 மில்லிலிட்டர் கரைப்பான், பின்னர் இருபது மடங்கு நீர்ப்பு. கருவி மில்லிலிட்டருக்கு டி.எச்.சி. அமிலம் 75 மைக்ரோகிராமும், டி.எச்.சி. 3 மைக்ரோகிராமும் காட்டுகிறது. அமிலத்துக்கு 75-ஐ நீர்ப்பு மடங்கான 20-ஆலும் கரைப்பான் அளவான 20-ஆலும் பெருக்கினால் 30,000 மைக்ரோகிராம், அதாவது 30 மில்லிகிராம். 200 மில்லிகிராமில் அது 15 சதவீதம். அதே வழியில் டி.எச்.சி. 1.2 மில்லிகிராம், அதாவது 0.6 சதவீதம். மொத்த டி.எச்.சி. என்பது 15-ஐ 0.877-ஆல் பெருக்கி 0.6-ஐக் கூட்டியது; 13.8 சதவீதம். தூளின் ஈரப்பதம் 10 சதவீதமென்றால் உலர் எடையில் 15.3 சதவீதம். ஒரே தூள், ஒரே ஓட்டம், ஆனால் 0.6, 13.8, 15.3, பெருக்க மறந்தவருக்கு 15.6 என்று நான்கு எண்கள் வந்துவிட்டன. வெவ்வேறு ஆய்வகங்களின் எண்கள் முரண்படும்போது கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த நான்கில் யார் எதை எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு தூளிலிருந்தும் குறைந்தது இரண்டு பங்குகளைத் தனித்தனியே நிறுத்துத் தனித்தனியே சாறெடுக்க வேண்டும். ஒரே சாற்றை இருமுறை ஓட்டுவது கருவியின் சீரைத்தான் காட்டும், தூளின் சீரைக் காட்டாது. இரு பங்குகளும் ஒத்துப்போகவில்லையென்றால் பெரும்பாலும் குற்றம் அரைவையில் இருக்கும்.

பிசின், எண்ணெய், தின்பண்டம்

சரஸ் போன்ற பிசின் கட்டிகளை உறையவைத்துத் துருவியோ உடைத்தோ தூளாக்க வேண்டும். கையில் உருட்டினால் இளகி ஒட்டும். ஹஷிஷ் எண்ணெயும், மின்சிகரெட் குப்பிகளில் வரும் செறிவும் நேரடியாகக் கரையும் என்பதால் அரைவை தேவையில்லை. ஆனால் மிகக் குறைந்த அளவே நிறுக்கப்படுவதால் நிறுத்தல் பிழை பெரிதாகும். மெல்லச் சூடாக்கிக் கலக்கிய பின் எடுக்க வேண்டும். இவ்வகைப் பொருளில் சதவீதம் மட்டும் போதாது. 2019-இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தவர்கள் 68 பேர். அதற்கு வலுவான தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது டி.எச்.சி. அல்ல, கள்ளச்சந்தைக் குப்பிகளில் எண்ணெயை நீர்க்கச் சேர்த்த வைட்டமின் இ அசிட்டேட். புற ஊதா உணர்வியில் வீரியத்தை மட்டும் தேடுபவர் கண்ணில் அது படாமலே போகலாம்.

கஞ்சா சாக்லேட்டும் ஜெல்லி மிட்டாயும் தனிப் பிரச்சினை. 4 கிராம் எடையுள்ள ஒரு மிட்டாயில் 10 மில்லிகிராம் டி.எச்.சி. இருந்தால் சதவீதக் கணக்கில் அது 0.25 மட்டுமே, கேட்பவர் வீரியமற்றது என்று நினைப்பார். ஆனால் பழக்கமில்லாத ஒருவரைத் தள்ளாடச் செய்ய அது போதும். எனவே தின்பண்டத்துக்கு ஒரு துண்டுக்கு எத்தனை மில்லிகிராம் என்றே எழுத வேண்டும். கள்ளத் தயாரிப்பில் கலவை சீராக இருக்காது என்பதால் பல துண்டுகளைத் தனித்தனியே அளந்து, மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் குறிப்பிட வேண்டும். உண்பவருக்கு ஆபத்து அந்த மிக அதிகமான துண்டில்தான் இருக்கிறது. சாக்லேட்டின் கொழுப்பு டி.எச்.சி.யைப் பிடித்து வைத்துக்கொள்வதும் கவனிக்க வேண்டியது. அதிக சாக்லேட்டைச் சாறெடுக்கப் பயன்படுத்தினால் அளவு குறைவாகக் காட்டுவதாக 2019-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் ஓர் ஆய்வு அளிக்கப்பட்டது. கஞ்சா கலவாத சாக்லேட்டில் தெரிந்த அளவு டி.எச்.சி.யைச் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பதே இதற்குரிய சோதனை.

நிறச் சோதனைகள் வீரியத்தைச் சொல்வதில்லை. டுகெனாய்ஸ்-லெவின் சோதனையில் ஊதா நிறம் தோன்றினால் கஞ்சாவாக இருக்கலாம் என்று பொருள், அவ்வளவுதான். நிறத்தின் அடர்த்தியை வைத்து வீரியத்தை மதிப்பிடுவோர் இருக்கிறார்கள், அதற்கு அடிப்படையில்லை. சுவிட்சர்லாந்தில் உருவான 4-அமினோஃபீனால் சோதனை, டி.எச்.சி. மிகுந்தால் நீலமும் சி.பி.டி. மிகுந்தால் இளஞ்சிவப்பும் காட்டி வகையைப் பிரிக்கிறது. களத்தில் அது பயனுள்ளது, ஆனால் அதுவும் சதவீதம் தராது.

காலமும் ஒப்பீடும்

மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு, அறை வெப்பநிலையில் வைத்த கஞ்சா முதல் ஆண்டில் டி.எச்.சி.யில் 16.6 சதவீதத்தையும், இரண்டாண்டில் 26.8 சதவீதத்தையும், மூன்றாண்டில் 34.5 சதவீதத்தையும், நான்காண்டில் 41.4 சதவீதத்தையும் இழந்ததாக 1999-இல் பதிவு செய்தது. நம் காவல் நிலைய வைப்பறைகளில் வழக்குச் சொத்தாகக் கோடை பல கழிக்கும் மூட்டை இதைவிட நன்றாகப் பாதுகாக்கப்படுகிறது என்று நம்புவதற்கில்லை. சி.பி.என். அளவு உயர்ந்திருந்தால் பொருள் பழையது என்று சொல்லலாம். ஆனால் அதைக் கொண்டு பிடிபட்ட நாளின் வீரியத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அறிக்கையில் எழுதக் கூடாது. பிடிபட்ட தேதி, ஆய்வகத்துக்கு வந்த தேதி, பகுப்பாய்வு செய்த தேதி ஆகிய மூன்றையும் எழுதிவிட்டால் வாசிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

ஆண்டுகளுக்கிடையிலான ஒப்பீட்டில் மாதிரி எங்கிருந்து வந்தது என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். மிசிசிப்பி பல்கலைக்கழகம் அமெரிக்கக் காவல் துறைகள் கைப்பற்றிய கஞ்சாவைப் பல பத்தாண்டுகளாக அளந்து வருகிறது. அதன் சராசரி 1995-இல் சுமார் 4 சதவீதமாக இருந்து 2014-இல் சுமார் 12 சதவீதமாக உயர்ந்தது. "கஞ்சா மூன்று மடங்கு வீரியமாகிவிட்டது" என்று எழுத இது ஆசை காட்டும். ஆனால் இந்த உயர்வில் ஒரு பங்கு, மெக்சிகோவிலிருந்து வந்த விதை நிறைந்த அழுத்திய கஞ்சா குறைந்து விதையற்ற பெண் பூக்கள் பெருகியதால் வந்தது. பிரிட்டனின் தரவு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. விதையற்ற வகையின் நடுமதிப்பு வீரியம் 2005-இலும் 2016-இலும் ஏறக்குறைய 14 சதவீதமே. ஆனால் கைப்பற்றப்பட்டவற்றில் அவ்வகையின் பங்கு 51 சதவீதத்திலிருந்து 94 சதவீதமாகிவிட்டது. செடி மாறவில்லை, சந்தை மாறியது. ஆகவே ஒரே சராசரியைத் தராமல், வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மாதிரி எண்ணிக்கையோடும் நடுமதிப்போடும் பரவலோடும் தர வேண்டும்.

அறிக்கையில் மொத்த டி.எச்.சி., அது உலர் எடையிலா இருந்தபடியிலா, விதையும் தண்டும் நீக்கப்பட்டனவா, சி.பி.டி., சி.பி.என்., கருவி, அமிலம் தனியே அளக்கப்பட்டதா, ஐயப்பாட்டின் அளவு ஆகியவை இடம்பெற வேண்டும். 13.8 என்று எழுதுபவர் அதன் பக்கத்தில் கூட்டல் கழித்தல் எவ்வளவு என்று எழுதத் தயங்கக் கூடாது. எல்லைக்கோட்டுக்கு அருகில் இருக்கும் மாதிரியில் அந்தக் கூட்டல் கழித்தலையும் சேர்த்த பிறகே எல்லையைத் தாண்டியது என்று அறிவிக்க வேண்டும்.

கடைசியாக, குறைந்த எண் வந்தால் அதைப் பாதுகாப்பானது என்று படித்துவிடக் கூடாது. ஐரோப்பாவில் 2020 முதல், டி.எச்.சி. மிகக் குறைந்த சணல்வகைப் பூக்களின் மேல் செயற்கைக் கன்னாபினாய்டுகளைத் தெளித்துக் கஞ்சா என்று விற்கப்பட்ட மாதிரிகள் கண்டறியப்பட்டன. பார்வைக்கும் மணத்துக்கும் அது கஞ்சாதான். திரவ வண்ணப்பிரிகை மொத்த டி.எச்.சி. 1 சதவீதத்துக்கும் கீழ் என்று சொல்லும். புகைத்தவர் மருத்துவமனையில் இருப்பார். தோற்றத்துக்கும் எண்ணுக்கும் பொருத்தமில்லாத மாதிரி, சி.பி.டி. மிகுந்தும் போதைப்பொருளாக விற்கப்பட்ட மாதிரி, நச்சுப் பாதிப்போடு தொடர்புடைய மாதிரி ஆகிய மூன்றையும் வீரியக் கணக்கோடு நிறுத்தாமல், நிறை நிறமாலைமானி இணைந்த வாயு வண்ணப்பிரிகையில் ஒருமுறை முழுமையாக ஓட்டிப் பார்த்த பிறகே கோப்பை மூட வேண்டும்.